கரடி கேட்ட மான் ரவிக்கை

இலுப்பைக்காட்டுக் குளத்தங்கரை அமர்க்களப்பட்டது. கரடி குப்பாயியின் ஒரே மகள் செம்பாவுக்குக் கல்யாணம்! குரங்குகள் பந்தல் போட்டன. அணில்கள் தோரணம் கட்டின. மாப்பிள்ளை, மலைக்கு அந்தப் பக்கம் மூங்கில்காட்டுக் கரடி. தங்கமான பையன்.

கல்யாணம் என்றால் கும்மி இல்லாமலா? அங்கேதான் இருக்கிறது சங்கதி! அந்த இரண்டு காடுகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டுப் பெண்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் எதிரெதிரே நின்று கும்மியடிப்பார்கள். எந்தப் பக்கத்துத் தலைவியின் கை முதலில் நிற்கிறதோ, அந்தப் பக்கம் தோற்றது. ஜெயித்தவர்களின் காட்டில்தான் பொண்ணும் மாப்பிள்ளையும் குடியிருக்க வேண்டும். மறுபேச்சே கிடையாது!

பெண் வீட்டுத் தலைவி குப்பாயிதான். பெற்றவள் இருக்கும்போது வேறு யார்? "நான் தோத்தா எம்பொண்ணு மலை தாண்டிப் போயிடுவாளே! அப்புறம் நான் யாரோட புத்து தோண்டப் போவேன்?" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். செம்பாவுக்கும் அம்மாவை விட்டுப் போக மனசில்லை. மாப்பிள்ளையோ இந்தக் காட்டு இலுப்பைப் பூவை ஒரு தரம் தின்று பார்த்துவிட்டு, "இங்கேயே இருந்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் குப்பாயி பயப்படவே வேண்டாம். அவள் கையைத் தூக்கித் தட்டினால் அக்கரையில் தூங்குகிற ஆமை திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும்! அப்படி ஒரு கை!

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கும்மி வராது; அதனால் மாப்பிள்ளை வீட்டுத் தலைவி கோமளம் என்கிற நரி. பெண் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பழத்தட்டோடு முன்னதாகவே வந்தவள், குப்பாயி ஒத்திகை பார்ப்பதைப் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். டமால்! டமால்!

"அடியாத்தி! இந்தக் கையோட மோதினா நான் மானம் போய்த்தான் ஊர் திரும்பணும்! இதுக்கு ஒரு வழி பண்ணியாகணுமே!" என்று முணுமுணுத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன சம்பந்தியம்மா! கல்யாணத்துக்கு என்ன உடுத்தப்போறீங்க?"

"ஏதோ இருக்கிறதைத்தான்!" என்றாள் குப்பாயி.

"ஐயையோ! எங்க பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் ஒடிசலா இருப்பாங்க. உங்க தோளையும் இடுப்பையும் பார்த்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்களே! அதோட நெஞ்சுல இது என்ன வெள்ளையா? நரைச்சுப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க!"

குப்பாயிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவள் தன் உடம்பைப் பற்றி நினைத்ததே இல்லை. அது பாட்டுக்கு அது இருந்தது; மரம் ஏறியது, புற்று தோண்டியது, பிள்ளையைச் சுமந்தது. இப்போது குளத்துத் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். எவ்வளவு பெரிய தோள்! எவ்வளவு பெரிய இடுப்பு! அழுகையே வந்துவிட்டது.

"நான் என்ன பண்றது, கோமளம்மா?"

"கவலையை விடுங்க! உங்க ஊர்ல சிங்காரின்னு ஒரு புள்ளிமான் இருக்கா இல்லே? என்ன இடுப்பு! என்ன கழுத்து! அவ ரவிக்கையை வாங்கி அளவு கொடுத்துத் தைச்சுக்குங்க. கழுத்து வரைக்கும் மூடி, கையை இறுக்கிப் பிடிச்சு! நீங்களும் அவளாட்டம் ஒடுங்கித் தெரிவீங்க!"

கேட்டதுதான் தாமதம்! குப்பாயி ஒரே ஓட்டமாக மானிடம் ஓடினாள். சிங்காரி பாவம், வெள்ளந்தி. எதற்கு என்றுகூடக் கேட்காமல் ரவிக்கையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அத்திமரத்தடியில் தையல்சிட்டு ஊசியம்மாவின் கடையில் ஏகக் கூட்டம். கல்யாணச் சீசன் ஆயிற்றே! நாரை நின்றுகொண்டு, "எனக்கு நெட்டுக்குத்தலா கோடு போட்ட துணிதான் வேணும்!" என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தே! நீ ஏற்கெனவே ஒல்லி, உசரம்! கோடும் நெட்டுக்குத்தலா ஓடினா நாணல்னு நினைச்சு மீன் வந்து உரசும்! உனக்குக் குறுக்குக் கோடு, அகலக் கரை, பஃப் கை! பாரு, ஆளே நிறைஞ்சு தெரிவே!"

"அப்ப எனக்கும் அகலக் கரை!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஆமை.

"உனக்கு வேண்டாண்டி! நீ குட்டை. கரையே உன்னை முழுங்கிடும். ஒரே நிறத்துல, மெல்லிசா ஒரு கரை போதும். கொஞ்சம் உசந்து தெரிவே!"

ஊசியம்மா பேசிக்கொண்டே தைப்பாள், தைத்துக்கொண்டே திட்டுவாள். யார் வாயையும் அடைத்துவிடுவாள். அவளிடம்தான் குப்பாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த ரவிக்கையை நீட்டினாள்.

"இந்தா ஊசியம்மா, அளவு ரவிக்கை! என்னோடதுதான்!"

ஊசியம்மா ரவிக்கையைப் பார்த்தாள். குப்பாயியைப் பார்த்தாள். மறுபடியும் ரவிக்கையைப் பார்த்தாள்.

"குப்பாயிக்கா, இது உங்க கட்டை விரலுக்குத்தான் ஆகும்!"

"உடம்பு ஏறுற அளவுக்குத் துணியைச் சேர்த்துக்கோ. ஆனா மூடின கழுத்து, இறுக்குன கை, ஒடுங்கின இடுப்பு, எல்லாம் இதே மாதிரி வேணும்!"

"உங்களுக்கு எதுக்குக்கா இது? உங்க தோள் அகலம். கழுத்தை இறக்கி வெட்டினா, நெஞ்சுல இருக்கிற வெள்ளைப் பிறை பளிச்சுனு தெரியும். நகையே வேண்டாம்! கையை லூசா விடறேன். இடுப்பைப் பிடிக்காம நேரா இறக்கி விடறேன். அப்பத்தான்..."

"நான் மான் மாதிரி இருக்கணும்!" என்று கத்தினாள் குப்பாயி. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊசியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க இஷ்டம்! பின்னாடி என்னைக் குத்தம் சொல்லாதீங்க!" என்று ஊசியை எடுத்தாள்.

கல்யாண நாள் வந்தது! மரங்கொத்தி மேளம் வெளுத்து வாங்கியது. தாலி கட்டி முடிந்ததும் எல்லாரும் குளத்தங்கரைக்கு ஓடினார்கள். கும்மியைப் பார்க்கத்தானே பாதிப் பேர் வந்ததே! நாரை அகலக் கரையில் ஜொலித்தாள். ஆமை கூட்டத்தில் கொஞ்சம் உயர்ந்தே தெரிந்தாள். இருவரும் குப்பாயிக்குப் பின்னால் அணிவகுத்தார்கள்.

குப்பாயியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரவிக்கை கழுத்தை நெரித்தது. அக்குளைக் கவ்வியது. இடுப்பைக் குனிய விடவில்லை. அழகாக இருக்கிறேனா என்று யாரிடமாவது கேட்க ஆசை. கேட்க மூச்சு வேண்டுமே!

"ஆகா! மானேதான்!" என்று கண்ணடித்தாள் கோமளம். அவளோ கையில்லாத, காற்றாட ஒரு சட்டை போட்டிருந்தாள். கெட்டிக்காரி!

நடுவர் யானை தும்பிக்கையைத் தூக்கினார். "ஆரம்பிங்க!"

கோமளம் பாய்ந்து பாய்ந்து தட்டினாள். குப்பாயி கையைத் தூக்கினாள். எங்கே தூக்குவது? தோளுக்கு மேல் போகவே மாட்டேன் என்றது! டப்... டப்... என்று நெஞ்சுக்கு நேராகத் தட்டினாள். பூச்சி அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"என்ன சம்பந்தியம்மா! சாப்பிடலையா?" என்று கோமளம் வேகத்தைக் கூட்டினாள். மூங்கில்காட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள்!

குப்பாயி மகளைப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக செம்பா முன்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐயோ, என் பொண்ணு! குப்பாயி பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்துக் கையை மேலே தூக்கினாள்.

பர்ர்ர்ர்ர்!

கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் ரவிக்கை கிழிந்தது. சிரிப்பு என்றால் சிரிப்பு, மரத்தில் இருந்த குரங்குகள் எல்லாம் கீழே விழுந்து சிரித்தன! குப்பாயி இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டாள்.

"கை நின்னுபோச்சு! ஜெயிச்சுட்டோம்!" என்று குதித்தாள் கோமளம்.

"பொறும்மா!" என்று யானை அதட்டினார். "உடுப்பு கிழிஞ்சா சரிபண்ணிக்க ஒரு பாட்டு அவகாசம் உண்டு. நீ அந்தப் பாட்டைத் தனியா ஆடு. அது முடியறதுக்குள்ள அந்தம்மா வட்டத்துக்கு வரலேன்னா நீ ஜெயிச்சே!"

கோமளத்துக்குக் கசக்குமா? மொத்தக் கூட்டமும் தன்னையே பார்க்கிறது! சுழன்றாள், எம்பினாள், குட்டிக்கரணம்கூடப் போட்டாள்!

குப்பாயி புதருக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். செம்பாவும் ஊசியம்மாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"நான் வரமாட்டேன்! குகைக்குப் போறேன்! எல்லாரும் என் உடம்பைப் பார்த்துச் சிரிச்சுட்டாங்க!"

"உன் உடம்பைப் பார்த்து யாரும்மா சிரிச்சா? ரவிக்கையைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க!" என்றாள் செம்பா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "கிழிஞ்சது துணிதானே! உன் கையா கிழிஞ்சுபோச்சு? நீ இப்ப வரலேன்னா நான் சாயங்காலமே மலையேறணும்மா!"

குப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஊசியம்மா, நான் பொய் சொன்னேன். அளவுக்குக் கொடுத்தது மானோட ரவிக்கை."

"அது எனக்குத் தெரியாதாக்கும்! இந்தக் காட்டுல எல்லார் ரவிக்கையும் நான் தைச்சதுதானே! இப்பவாவது சொல்லுங்க, நான் சொல்ற மாதிரி செய்யலாமா?"

"செய்! சீக்கிரம் செய்!"

ஊசியம்மாவின் அலகு பறந்தது! சரக் சரக்கென்று இரண்டு கையையும் பிரித்து எறிந்தாள். இடுப்புத் தையலை உருவினாள். கிழிந்த இடத்தை ஒட்டுப் போட்டு மூடவில்லை. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, கிழிசலையே கழுத்தாக ஆக்கி, ஊசியை ஓட்டினாள்.

"மூச்சு விடுங்கக்கா!"

குப்பாயி மூச்சு விட்டாள். எத்தனை பெரிய மூச்சு! கையைத் தூக்கினாள். போயிற்று, வானத்தைத் தொடுகிற மாதிரி போயிற்று! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கோமளத்தின் பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. "வரமாட்டா! வரமாட்டா!" என்று அவள் பக்கத்தார் கூவினார்கள். அந்த நேரம் புதரை விலக்கிக்கொண்டு குப்பாயி வட்டத்துக்குள் குதித்தாள்!

கரிய ரோமத்தின் நடுவே வெள்ளைப் பிறை பளீரென்று தெரிந்தது. அகலத் தோளிலிருந்து துணி நேராக விழுந்து அவள் நடைக்கு நடை அசைந்தது.

"யம்மாடி! என்ன எடுப்பு! என்ன கம்பீரம்!" என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்லிவிட்டாள்.

குப்பாயி குரலெடுத்தாள்.

"இலுப்பைப் பூ உதிரும் காட்டுல - எங்க
இளங்கிளி இருப்பா வீட்டுல!"

டமால்! குளத்துத் தண்ணீர் சிலிர்த்தது. டமால்! குனிந்தாள், நிமிர்ந்தாள், சுற்றினாள். நாரையும் ஆமையும் முயல்களும் கூடவே தட்டினார்கள். டமால்! டமால்! டமால்! கோமளமும் தட்டத்தான் பார்த்தாள். ஆனால் தனியாக ஆடிய ஆட்டத்தில் அவள் மூச்சு முழுக்கப் போயிருந்தது. நாக்கு வெளியே தள்ளியது. கை தளர்ந்தது. கால் பின்னியது. பொத்தென்று உட்கார்ந்தாள்!

"பெண் வீடு ஜெயிச்சுது!" என்று யானை பிளிறினார்.

அடடா, அந்தக் கூச்சலைக் கேட்க வேண்டுமே! செம்பா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை ஓடி வந்து மாமியார் காலைத் தொட்டுவிட்டு, "அத்தை, இலுப்பைப் பூ இனிமே தினமுமா?" என்று கேட்டான்!

கோமளத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாய் சும்மா இருந்ததா? "சே! அந்த ரவிக்கை மட்டும் கிழியாம இருந்திருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன்!" என்று கத்திவிட்டாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குப்பாயிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று.

"ஓகோ! எனக்கு அழகு பார்த்து யோசனை சொல்லலையா நீ? என் கையைக் கட்டத்தான் சொன்னியா?"

கோமளம் வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவினாள். "அவளைச் சும்மாவா விடறது!" என்று குரங்குகள் கிளம்பின. குப்பாயி கையைக் காட்டித் தடுத்தாள்.

"விடுங்க! கட்டினவ அவதான். ஆனா, கட்டுன்னு ரெண்டு கையையும் நீட்டினது நான்தானே!"

தன் உடம்பைப் பார்த்து வெட்கப்பட்டு அடுத்தவள் அளவில் தைத்துக்கொண்டால் கையைக்கூடத் தூக்க முடியாது; தன் உடம்பைத் தெரிந்து அதற்கேற்ப உடுத்துகிறவளுக்குத்தான் உடுப்பும் அழகு, அவள் எடுத்த காரியமும் ஜெயம்!