செண்பகவடிவு கொட்டிய கஞ்சி

கேளுங்கள் பிள்ளைகளே. மூன்று வருஷம் மழை முகம் காட்டாத ஒரு நாட்டில், இளகிய மனசுள்ள ராஜா ஒருத்தர் இருந்தார். களஞ்சியத்தில் மிஞ்சிய கம்பையெல்லாம் அம்மன் கோயில் மடைப்பள்ளிக்கு அனுப்பி, "வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுங்கள்" என்றார்.

அங்கே சமைத்தவள் செண்பகவடிவு. அம்மனுக்குப் பழுதில்லாமல் படைப்பதற்கென்றே தான் பிறந்ததாக நினைத்திருந்தாள். அம்மனுக்குப் படைத்த பிறகுதான் சனங்களுக்கு என்பது அந்தக் கோயில் வழக்கம்.

காலையில் இறக்கிய கஞ்சியில் லேசாகப் புகை வாசம். "இதையா என் தாய் முன்னால் வைப்பேன்?" என்று பின்கட்டுக் குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினாள்.

உச்சிவேளைக் கஞ்சியில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது. அதுவும் குழிக்குள் போனது. அதன் வாசம் மட்டும் வெளியே கஞ்சிக்குக் காத்திருந்தவர்களின் வரிசை வரைக்கும் வந்தது.

வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், "அம்மனுக்கு நாக்கு ரொம்ப நீளம் போல" என்றார். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

மாடத்தி என்பவள் மகளை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படி வரை நகர்ந்தே வந்தாள்.

"அக்கா, புகையோ உப்போ, எம் பிள்ளை வாயில ஒரு கரண்டி ஊத்துக்கா. கண்ணு சொருகுது."

"கொஞ்சம் பொறு தாயி, நல்லதாவே தர்றேன்" என்றாள் செண்பகவடிவு. மெய்யாகவே நல்லதைத் தரத்தான் நினைத்தாள்.

பொழுது சாய மூன்றாம் பானை இறங்கியது. புகை இல்லை, உப்பு சரி, பக்குவமென்றால் அப்படி ஒரு பக்குவம். படைத்துவிட்டு முதல் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். பிள்ளையின் வாயில் ஊற்றிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. உள்ளே இறங்கவில்லை.

மாடத்தி அழவில்லை. விரலில் பட்டதை நக்கிப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள். மகளின் வாயை முந்தானையால் துடைத்து, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் செண்பகவடிவு அடுப்பை மறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி அடிப்பிடித்தது. அதை அப்படியே அம்மன் முன்னால் வைத்து, "தாயே, என்னால் ஆனது இதுதான்" என்றாள்.

வெளியே வந்து ஊற்றினாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தான் பிறந்தது இந்த ஏந்திய கைகளுக்காகத்தான் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? வரிசையில் மாடத்தி இல்லை. மழை வரும்வரை தினமும் ஊற்றினாள். மாடத்தி வரவே இல்லை.

குறையே இல்லாததைத்தான் கொடுப்பேன் என்று காத்திருப்பவர், தாம் யாருக்காகப் பிறந்தாரோ அவரையே இழந்துவிடுவார், பிள்ளைகளே.