கண் திறக்காத படம்

முன்னொரு காலத்தில், எவ்வளவு முன்னே என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் ஊர் ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. ஊர்ச் சத்திரத்தில் தினமும் நூறு வழிப்போக்கர்கள் வந்து சாப்பிட்டுப் போகிறார்களே, அவர்கள் மனத்துக்குள் என்னதான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். வேறு வேலை இல்லாவிட்டால் ராஜாக்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

சபையில் எல்லாரும் விழித்தார்கள். விகடகவி வேம்பன் மட்டும் எழுந்து, சத்திரத்துக்கு வெள்ளையடிக்கும் பூவாயியைக் கைகாட்டினான். வெள்ளையடித்த கையோடு அவள் சுவரில் வழிப்போக்கர்களின் முகங்களை எழுதுவாள். ராஜா போய்ப் பார்த்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பும் தகப்பன், வழக்கில் ஜெயித்தும் சந்தோஷப்படாத ஒருத்தி, பசியை மறைத்துக்கொண்டு சிரிக்கும் வித்துவான். பெயர் தெரியாத இத்தனை பேரின் மனமும் அந்தச் சுவரில் இருந்தது. ராஜா வெகுநேரம் நின்றார். அந்தச் செய்தி ஊருக்குள் பரவியபோது பூவாயி குடியிருந்த எங்கள் தெருக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

அரண்மனை ஓவியத் தலைவர் இரத்தினகேசரிக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக ராஜாவுக்கு ஒரே புன்னகையை எழுதிச் சம்மானம் வாங்கியவர் அவர்.

"மன்னர் பெருமானே, வழிப்போக்கர்கள் மறுநாளே போய்விடுகிறார்கள். படம் சரியா தப்பா என்று யார் சொல்வது? நான் ஒருவனைக் கொண்டு வருகிறேன். இவள் எழுதட்டும். அவனே வாய் திறந்து சொல்லட்டும்" என்றார்.

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அந்த மனிதன் நாளை இச்சபையில் நிற்கும்போது அவன் மனத்தில் என்ன இருக்கிறதோ, அது படத்தில் இருக்கவேண்டும். இல்லையேல் சத்திரச் சுவர் முழுவதையும் வெள்ளையடித்து மறைத்துவிடுங்கள்" என்று ஆணையிட்டார்.

இரத்தினகேசரி கொண்டுவந்தது உப்பு வண்டிக்காரன் சடையனை. பகல் முழுக்க அவன், ஒரு பலகையில் படம் எழுதிய பூவாயிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வேம்பன் எட்டிப் பார்த்தபோது அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"ஐயா, இந்த ஆளு நான் என்ன எழுதினாலும் இல்லைன்னுதான் சொல்லப் போறாரு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. என் சுவரு போச்சுங்க. அத்தனை பேரும் என்னை நம்பி முகத்தைக் காட்டினவங்க" என்றாள்.

"படம் முடிஞ்சுதா தாயி?"

"கண்ணு மட்டும் பாக்கி. கண்ணை எப்பவும் கடைசியிலதான் திறப்பேன்."

வேம்பன் தாடியைச் சொறிந்தான். "அப்போ இன்னைக்குத் திறக்காதே. மையும் தூரிகையும் எடுத்துக்கிட்டு நாளைக்குச் சபைக்கு வா."

மறுநாள் சபையில் சடையனை நிறுத்தி, பக்கத்திலேயே அதே திசை பார்த்துப் படத்தையும் நிறுத்தித் துணியை விலக்கினார்கள். முகம் இருந்தது, காய்ந்த உதடு இருந்தது, எதையோ பிடித்திருப்பதுபோல் மூடிய கை இருந்தது. கண் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை.

"குருட்டுப் படத்துக்கா இவ்வளவு ஆரவாரம்?" என்றார் இரத்தினகேசரி. ராஜாவின் புருவம் நெரிந்தது.

வேம்பன் குனிந்து வணங்கினான். "மகாராஜா, சபையில் நிற்கும்போது மனத்தில் இருப்பதை எழுதச் சொன்னீர்கள். நேற்றே கண்ணைத் திறந்தால் அது நேற்றைய மனமாகிவிடும். தங்கள் கட்டளையை மீற எங்களுக்குத் தைரியம் கிடையாது. தாங்கள் கேளுங்கள், அவள் திறப்பாள்."

ராஜா சடையனைப் பார்த்தார். "சொல், அப்பா. இந்த முகம் உன் மனத்தைக் காட்டுகிறதா?"

சடையன் வாயைத் திறந்தான். சொல் வருவதற்கு முன்னால் அவன் கண் மெல்ல வலப்பக்கம் போய் மூன்றாவது ஆசனத்தில் நின்று திரும்பியது. "இல்லீங்க, மகாராசா" என்றான்.

அதற்குள் பூவாயியின் தூரிகை இரண்டு தடவை படத்தைத் தொட்டு எழுந்துவிட்டது.

"இப்போது படம் எங்கே பார்க்கிறது என்று எல்லாரும் பாருங்கள்" என்றான் வேம்பன்.

சபை முழுவதும் படத்தின் பார்வை போன வழியே தலையைத் திருப்பியது. அங்கே இரத்தினகேசரி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாக இருந்த அங்கவஸ்திரத்தை எதற்குச் சரிசெய்தார் என்று அவருக்கே தெரியாது.

சடையனும் அப்போதுதான் படத்தைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான்தாங்க. இது நான்தாங்க. என் காளையை இந்த ஐயா கொட்டில்ல கட்டி வச்சிருக்காருங்க. இல்லைன்னு சொன்னாத்தான் அவுத்து விடுவேன்னாரு. கயிறு பிடிச்ச கையிங்க இது, அந்த அம்மா அதைக்கூட எழுதியிருக்காங்க."

ராஜா சிரித்த சிரிப்பில் சாமரம் வீசியவன் வீசுவதை மறந்தான். சடையனின் காளையை இரத்தினகேசரியே கயிறு பிடித்து ராஜவீதி வழியாகக் கொண்டுவந்து விடவேண்டும் என்று தீர்ப்பானது. வேம்பனுக்கு ராஜா தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையையே எடுத்துப் போர்த்தினார். சத்திரச் சுவரில் இனி ஒருவரும் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "பூவாயி, என்னையும் எழுது" என்றார்.

பூவாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலையைக் குனியவில்லை.

"யாருன்னு தெரியாதவங்களைத்தான் நான் எழுதுவேன், மகாராசா. கிரீடத்தை இங்கயே வச்சுட்டு ஒரு நாள் சத்திரத்துப் பந்தியில வந்து உக்காருங்க. எழுதுறேன்."

ராஜா மறுபடியும் சிரித்தார், இந்தத் தடவை மெதுவாக. அடுத்த நாள் மத்தியானம் சாதாரண வேட்டியோடு போய், வழிப்போக்கர்களோடு ரசம் சோறு சாப்பிட்டு எழுந்தார்.

அந்தச் சுவரை இன்றுவரை யாரும் தொட்டதில்லை. பூவாயி பிறகு அங்கேயும் எழுதிவைத்த உப்பு வண்டிக்காரன் இருக்கிறான், மகளைப் பிரிந்த தகப்பன் இருக்கிறான், அவர்கள் நடுவில் ராஜாவும் இருக்கிறார். எது ராஜா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும், ஆனால் நாங்கள் சொல்லமாட்டோம்.