நடுங்கின ஜாய்ஸ்டிக்கும் ஒச்சப்பன் கெடாவும்

கிட்ட வந்து உட்காருங்க. எட்ட இருந்து கேட்டா பாதிக் கதை காத்தோட போயிரும்.

மொட்டப்பாறையில ஒச்சப்பன்னு ஒருத்தன் இருந்தான். அவன் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர், அதுல விமானம் ஓட்டுற விளையாட்டு, அதை ஓட்ட ஜாய்ஸ்டிக்னு ஒரு கைப்புடி. ஆனா அவன் உசிரெல்லாம் கொம்பு சுருண்ட ஒரு செம்மறிக் கெடா மேலதான்.

பக்கத்து ஊர் மச்சான் தவசி ஒருநாள் பந்தயம் கட்டினான். "விமானத்தை யாரு ஒழுங்கா இறக்குறாங்களோ, இந்தக் கெடா அவங்களுக்கு. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஜெயிச்சா ஒரு கெடா கிடைக்குதேன்னு ஒச்சப்பன் உடனே சரின்னுட்டான். தவசி போறபோக்குல கெடாவோட தொடையை அமுக்கிப் பார்த்து, "சுக்காவுக்கு ஆகும்"னு சொன்னப்புறம்தான் அது தன்னோட கெடாங்கிறதே அவனுக்கு உறைச்சது.

ஓட்டிப் பழகலாம்னு உட்கார்ந்தா, யாரும் தொடாமலே ஜாய்ஸ்டிக் நடுங்குது, விமானமும் கிடுகிடுன்னு ஆடுது. தம்பி சங்கிலியைக் கூப்பிட்டான். அந்த வீட்டுல சங்கிலிதான் புத்திசாலி. மழை வர்றதுக்கு முன்னாடியே குடையை விரிச்சவன்.

டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டாங்க. "உள்ள அழுக்கு சேர்ந்திருக்கும். நல்லாச் சுத்தம் பண்ணிட்டு மாட்டுங்க"ன்னார்.

ஒச்சப்பன் பொண்டாட்டி பெருமாயி சுத்தத்துல குறை வைக்கமாட்டா. ஜாய்ஸ்டிக்கைச் சீயக்காய் போட்டுத் தேய்ச்சு, மூணு குடம் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, கொடியில காயப்போட்டா. காய்ஞ்சதும் மாட்டினாங்க. முன்னைவிட ஜாஸ்தியா நடுங்குச்சு.

"நடுங்காதா பின்னே? பச்சைத்தண்ணியில குளிப்பாட்டியிருக்கீக," என்றான் சங்கிலி.

"வெந்நீர்னு அந்த ஆளு சொல்லலையே கொழுந்தனாரே!"

கம்பளி போர்த்தி, சாம்பிராணி காட்டினாங்க. அப்பவும் நடுக்கம் நிக்கலை. மறுபடி போன் போட்டு நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொன்னாங்க. மெக்கானிக், "இனிமே ஒருத்தரும் அதுமேல கை வைக்காதீங்க!"ன்னு கத்திட்டு வச்சிட்டார்.

ஞாயித்துக்கிழமை தவசி சாக்கும் கத்தியுமா வந்துட்டான். மூணு பேரும் தடுத்தும் கேட்காம ஜாய்ஸ்டிக்கைப் புடிச்சான். விமானம் ரெண்டு ஆட்டம் ஆடிக் கடலுக்குள்ள குதிச்சிருச்சு.

"கை வச்சா அப்படித்தான் மச்சான்," என்றான் சங்கிலி.

"சரி, நீங்க இறக்கிக் காட்டுங்கடா."

ஒச்சப்பன் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டான். "கை வைக்கக்கூடாதே. காலால ஓட்டவா?"

"கால்லயும் விரல் இருக்குல்ல? அதுவும் கை மாதிரித்தான்."

"அப்ப விரலே இல்லாத ஆளு நம்ம வீட்டுல யாருடா இருக்கா?"

எல்லாரும் திரும்பி வாசலைப் பார்த்தாங்க.

கெடாவைக் கூட்டிவந்து நாற்காலி முன்னால நிறுத்தி, கம்ப்யூட்டர்மேல ஒரு கட்டு அகத்திக்கீரையைத் தொங்கவிட்டான் சங்கிலி. கெடா எட்டித் தின்ன வாகா, தாடையை ஜாய்ஸ்டிக் மேல பதிச்சு வச்சது. அந்தப் பாரத்துல நடுக்கம் கப்புன்னு நின்னுபோச்சு. கெடா அசைபோட அசைபோட விமானம் மெல்ல இறங்கி, பூ உதிர்ந்த மாதிரி தரையில நின்னுச்சு.

"ஜெயிச்சிட்டோம்! கெடா நமக்குத்தான்!" ஒச்சப்பன் கெடா கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதான்.

சங்கிலி அவனை விலக்கி விட்டான். "பொறுண்ணே. நியாயம்னு ஒண்ணு இருக்கு. இறக்கினவங்களுக்குத்தானே கெடா? நீ எங்க இறக்கினே?"

தவசி கத்தியைச் சாக்குக்குள்ள போட்டான். பெருமாயி, "முறைன்னா முறைதான்"னு தாம்பாளத்துல வெத்தலைபாக்கு எடுத்து வந்தா.

சங்கிலி துண்டை இடுப்புல கட்டினான். கெடாவோட கயித்தை அவிழ்த்துத் தாம்பாளத்துல வச்சு, ரெண்டு கையாலயும் கெடாகிட்ட நீட்டி, "இந்தாங்க, உங்க கெடா. பத்திரமா வீட்டுக்குக் கூட்டிப்போங்க"ன்னான்.