நான்காவது நிபந்தனை

வியாழக்கிழமை சாயங்காலம் தயாளன் மைதானத்துக்குள் நுழைந்தபோது அவன் கையில் ஒரு கடிதம் இருந்தது. அதைக் கசக்கி, பிரித்து, மறுபடி கசக்கியிருந்தான்.

பாக்கியநாதன் மாஸ்டர் கோல் கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். மாநகராட்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். வலைமேட்டில் பந்தாடியவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. தயாளனும் வாங்கியவன்தான். வலைமேடு அணிக்குப் பதினெட்டு வருஷம் ஆடினான், ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. இப்போது நாற்பத்தொரு வயதில் அதே அணிக்குப் பயிற்சியாளன். ஏதாவது சந்தேகம் என்றால் இன்றைக்கும் மாஸ்டரிடம்தான் வருவான். அன்று அவன் கொண்டுவந்தது சந்தேகம் அல்ல, கோபம்.

"இதைப் படிங்க மாஸ்டர்."

"கை வேலையா இருக்கு. நீயே சொல்லு."

"ஞாயித்துக்கிழமை ஒரு டிரா போதும். லீக் கோப்பை நம்மளது. இப்போ வந்து, ஆறு பேரையும் இறக்கக் கூடாதுன்னு லெட்டர் அனுப்புறானுங்க. அநியாயம் மாஸ்டர். பச்சை அநியாயம்."

அந்த ஆறு பேரும் இரவல் ஆட்கள். பெரிய கிளப்பில் நாற்பது வீரர்கள் இருக்கிறார்கள், ஆடுவது பதினொரு பேர். மிச்சம் இருப்பவர்களைச் சின்ன அணிகளுக்கு ஒரு சீசனுக்கு இரவல் கொடுப்பார்கள். சீசன் முடிந்ததும் ஆள் திரும்பிப் போக வேண்டும். வலைமேட்டுக்கும் அப்படித்தான் ஆறு பேர் வந்தார்கள். வந்த பிறகு அணி தோற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், அதுவும் அந்தப் பெரிய கிளப்போடு.

"புதுசா சொல்றாங்களா?" என்றார் மாஸ்டர்.

"இல்ல. சீசன் ஆரம்பத்துல போட்ட ஒப்பந்தத்துலயே நாலாவது நிபந்தனையா இருக்காம். எங்க டீமை எதிர்த்து இவங்களை ஆட விடக் கூடாதுன்னு."

"யார் கையெழுத்துப் போட்டது?"

தயாளன் கடிதத்தை மறுபடி கசக்கினான்.

"சரி, ஆறு பேரும் எங்க எங்க ஆடறாங்க?"

"கோலி. ரெண்டு சென்டர் பேக். ரைட் பேக். நடுவுல ஜெரால்டு. முன்னாடி ஒருத்தன்."

"ஆறு பேரையும் ஒரே வீட்டுலயா இரவல் வாங்குவ?"

"ஒரே வேன்ல வந்துடுவாங்க. ஒருத்தனோட ஆட்டம் இன்னொருத்தனுக்குத் தெரியும். எல்லாருந்தான் மாஸ்டர் வாங்குறாங்க."

ஜெரால்டு பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வயது. பேச்சு அவன் காதில் விழுந்தது.

"எனக்கும் ஆடத்தான் சார் ஆசை," என்றான். "அஞ்சு வருஷத்துல நாலு ஜெர்சி மாத்திட்டேன். ஒரு கோப்பை போட்டோலயாவது நிக்கலாம்னு பார்த்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. பழகிப்போயிருந்தது. அதைக் கேட்டதும் தயாளனுக்கு இன்னும் ஏறியது.

"பாருங்க மாஸ்டர், ஆளை ஆளா நினைக்கிறானுங்களா? அவங்க மனசு வெச்சு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா இவன் ஆடலாம். லீக் ரூல்லயே இருக்கு. அதைக் கேக்கத்தான் அவங்க மேனேஜருக்கு பதினோரு தடவை அடிச்சேன். எடுக்கவே இல்ல. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை கறுப்புத் துணி கட்டிக்கினு போறோம். விசில் அடிச்சதும் வெளிநடப்பு. பேப்பர்ல வரட்டும், ஊரே காறித் துப்பட்டும்."

மாஸ்டர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு வலையை இழுத்துப் பார்த்தார்.

"அவனுங்க பண்ணது அநியாயமா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"சனிக்கிழமை மூணரைக்கு ஒரு ஆட்டம் இருக்கு. என்னோட வா."

"எனக்கு இருக்கிற தலைவலியில ஆட்டம் பார்க்க நேரமா மாஸ்டர்?"

"மூணரைக்கு," என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை மாஸ்டர் தன் ஸ்கூட்டரில் அவனை ரயில்வே லைன் ஓரத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். மூன்றாம் டிவிஷன் ஆட்டம். பார்க்க நாற்பது பேர்கூட இல்லை. ஆடியது மணல்தெரு அணியும், வலைமேட்டின் இரண்டாவது அணியும்.

"நம்ம பசங்களா!" என்றான் தயாளன். கோப்பை நினைப்பில் இந்த ஆட்டம் இருப்பதையே மறந்திருந்தான். இரண்டாவது அணியை அவனுடைய உதவியாளர் பார்த்துக்கொள்கிறார்.

முதல் பாதியிலேயே வலைமேடு இரண்டு கோல் போட்டது. இரண்டும் ஒரே மாதிரி. மணல்தெருவின் நடுப்பின்பக்கம் திறந்து கிடந்தது. அங்கே நின்றவன் உண்மையில் ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர். பாவம், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டே இருந்தான். தயாளன் இரண்டு கோலுக்கும் கை தட்டினான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது.

"சென்டர் பேக்கே இல்லாம இறங்கியிருக்காங்க மாஸ்டர்," என்று சிரித்தான்.

"இருக்கான்," என்றார் மாஸ்டர். "அதோ."

கோட்டுக்கு வெளியே, தண்ணீர் கேன் பக்கத்தில் ஒருவன் மணல்தெரு ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் போட்டு, லேஸ்கூடக் கட்டியிருந்தான். பிரதாப்.

பிரதாப் வலைமேட்டுக்காரன். தயாளன் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஒன்பது வருஷம் வலைமேட்டுக்குச் சென்டர் பேக். அணிப் பட்டியலில் இருபத்திரண்டு பேருக்குத்தான் இடம், ஆறு பேர் உள்ளே வரவேண்டும் என்றால் ஆறு பேர் வெளியே போக வேண்டும். ஜூலை மாதம் அவனை மணல்தெருவுக்கு இரவல் கொடுத்தது தயாளன்தான்.

இடைவேளை விசில் அடித்தது. மணல்தெருவின் பயிற்சியாளர் அம்சவேணி நேராக இவர்களை நோக்கி வந்தாள். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள், காலையில் இட்லிக் கடை, மாலையில் இந்த அணி. வந்த வேகத்தைப் பார்த்து நாலு பேர் வழிவிட்டார்கள்.

"வாங்க தயாளன் சார். உங்க டீம் ஜெயிக்கிறத பார்க்க வந்தீங்களா? நல்லா பாருங்க. கை தட்டுங்க. எனக்குக் கேட்டுச்சு."

"அம்சா, நான் இன்னா பண்ணேன்?"

"இன்னா பண்ணியா? என்னாண்ட ஒரே ஒரு சென்டர் பேக் இருக்கான். அவன் வெளிய தண்ணி கேனுக்குக் காவல் காக்குறான். உங்க டீமை எதிர்த்து அவன் ஆடக் கூடாதாமே? நாலாவது நிபந்தனை! எழுதுன கையி யாரோட கையி?"

தயாளன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தயாளன் எழுதியதுதான். பெரிய கிளப் அனுப்பிய கடிதத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டு, பேர்களை மட்டும் மாற்றி எழுதினான். நிபந்தனைகளைப் படிக்கக்கூட இல்லை. வாங்கும்போதும் படிக்கவில்லை, கொடுக்கும்போதும் படிக்கவில்லை.

"அது எல்லாரும் போடற கண்டிஷன்தான் அம்சா..."

"நீ ரெண்டு வரி எழுதிக் குடுத்திருந்தா இவன் ஆடியிருப்பான். திங்கக்கிழமையிலருந்து ஒன்பது தடவை உனக்கு ஃபோன் அடிச்சேன். ஒரு தடவையாவது எடுத்தியா? பெரிய டீம் ஆயிட்டா சின்ன டீம் ஃபோனை எடுக்கக் கூடாதா? நாங்க மனுஷங்க இல்லையா? பச்சை அநியாயம் இது."

இந்த ஆட்டத்தில் தோற்றால் மணல்தெரு லீக்கை விட்டே வெளியே. அதைத் தயாளனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. புள்ளிப் பட்டியல் வாரா வாரம் அவன் ஃபோனுக்கு வருகிறது. அதில் மேலே இருக்கும் நாலு அணிகளைத் தவிர அவன் எதையும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

"ரூல்னு ஒண்ணு இருக்கு இல்ல மாஸ்டர்," என்றான் மெதுவாக.

"இருக்கு," என்றார் மாஸ்டர்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தயாளன் எதிர்வாதம் செய்திருப்பான். அவனுக்கு அது நன்றாக வரும்.

தயாளன் எழுந்து பிரதாப்பிடம் போனான்.

"எப்படிடா இருக்க?"

"பார்த்தா தெரியல?" பிரதாப் நிமிரவில்லை. "எங்க தெரு பசங்க அந்தப் பக்கம் ஆடறானுங்க. எங்க டீம் இந்தப் பக்கம் அடி வாங்குது. நான் யாருக்குக் கத்துறதுன்னு தெரியாம உக்காந்துக்கினு இருக்கேன். நீதானண்ணா என்னை இங்க உக்கார வெச்ச."

"கமிட்டியில சொன்னாங்கடா..."

"கமிட்டி என் வீட்டுக்கு வந்துச்சா? நீதான் வந்த. ஒரு சீசன்தான்டா, போய்ட்டு வான்ன. பக்கத்து வீட்டுக்குக் குக்கர் குடுத்தனுப்புற மாதிரி குடுத்த. ஒன்பது வருஷம்ணா. வேணாம்னு சொல்ல எனக்கும் வாய் இருந்திச்சு. நீ கேட்டியேன்னுதான் போனேன்."

தயாளன் சட்டைப் பையைத் தடவிப் பேனா எடுத்தான். காகிதம் இல்லை. பெரிய கிளப்பின் கடிதம் இருந்தது. அதன் பின்பக்கத்தில், பிரதாப் இந்த ஆட்டத்தில் ஆட வலைமேடு அணிக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானே நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். நடுவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, தலையாட்டினார். மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் பிரதாப் பேர் முதலிலேயே இருந்தது. அம்சவேணி கடைசி வரை நம்பியிருக்கிறாள்.

இரண்டாம் பாதியில் அந்தத் திறந்த இடம் மூடிக்கொண்டது. வலைமேட்டுப் பையன்கள் முட்டி முட்டிப் பார்த்தார்கள். பிரதாப் அவர்களைப் பேர் சொல்லித் திட்டியபடியே பந்தைப் பறித்தான். ஒரு தடவை அவன் பின்னால் தங்கிவிட, "பிரதாப், லைன் ஏத்துடா!" என்று தயாளன் தன்னை மறந்து கத்தினான். தன் அணிக்கு எதிராகத்தான் கத்தினோம் என்பது வாயை மூடிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மணல்தெரு ஒரு கோல் போட்டது. இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நேரம் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. மணல்தெரு தோற்றது, லீக்கை விட்டும் போனது.

அம்சவேணி நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"மொத பாதியில வந்திருக்கணும் இந்த லெட்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுதுகொண்டிருந்த தன் கோலியிடம் போனாள்.

பிரதாப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நாளைக்கு உன் டீம்ல பின்னாடி யாருண்ணா?" என்று கேட்டான்.

"யாரும் இல்லடா."

"பார்க்க வர்றேன்," என்றான். "கத்துவேன். யாருக்குன்னு கேக்காத."

இருவரும் வெளியே ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்கு வந்தார்கள். மாஸ்டர் இருக்கையைத் துணியால் துடைத்தார்.

"அந்த மேனேஜருக்கு இன்னொரு தடவை அடிச்சுப் பார்க்கட்டுமா மாஸ்டர்?"

"அடி. எடுக்க மாட்டான்."

"அப்போ அவன் பண்ணது அநியாயந்தான?"

"அநியாயந்தான். யார் இல்லன்னு சொன்னா?"

"அப்புறம் ஏன் மாஸ்டர் வெளிநடப்பு வேணாங்கிறீங்க?"

"நான் வேணான்னு எப்போ சொன்னேன்? உன்கிட்ட சொந்த ஆளுங்க எத்தனை பேரு?"

"பதினாறு."

"இந்த சீசன்ல ஆடுனவங்க?"

"அஞ்சு பேரு."

"மிச்சம் பதினோரு பேரு தினமும் பயிற்சிக்கு வர்றாங்களா?"

"வர்றாங்க."

"ஏழு மாசமா கோட்டுக்கு வெளியவே நிக்கிறாங்க. நாளைக்குத்தான் உள்ள கால் வைக்கப் போறாங்க. அவங்களைப் பார்த்து வெளிய வாங்கடான்னு நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது."

தயாளனுக்குக் கோப்பை கண்ணில் நின்றது. பதினெட்டு வருஷம் ஆடி, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிற கோப்பை.

"அந்தப் பதினோரு பேர்ல ஆள் எடுத்து இறக்கினா அஞ்சு கோல் வாங்குவோம் மாஸ்டர். கோப்பை போயிடும்."

"போகும்."

"தெரிஞ்சேவா இறங்கச் சொல்றீங்க? எல்லாரும் சிரிப்பாங்க மாஸ்டர். வலைமேடு தோத்துச்சுன்னு சொல்லுவாங்க."

மாஸ்டர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"சொல்லட்டுமே. சீசன் பூரா ஜெயிச்சது அவங்க ஆளுங்க. நாளைக்காவது நாம தோப்போம்."