மீதிப் பிளேடுகள்

“தப்பு அவர் மேல இல்லன்னு எப்படி மேடம் நிரூபிக்கிறது?” என்று கேட்டார் ஐசக்.

எழிலரசி மேசை நிறையப் பரப்பி வைத்திருந்த உடைந்த பிளேடுகளைக் கையால் காட்டினாள்.

கடலோர மின்நிலையத்தின் எரிவாயு டர்பைன், ஓடிக்கொண்டிருந்தபோதே உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தது. உள்ளே சுழலும் பிளேடுகளில் ஒன்று முறிந்தால் போதும், அது அடுத்ததை அடிக்கும், அடுத்தது அதற்கடுத்ததை. முதலில் முறிந்தது எது, ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்வது எழிலரசியின் வேலை. உடைந்த உலோகத்தோடு பேசுகிறவள் என்று அவளுக்குப் பெயர். மனிதர்களோடு பேசுவதுதான் குறைவு.

ஐசக் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த வித்தையைக் கற்றே தீருவேன் என்று இருந்த வேலையை விட்டுவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவர்.

டர்பைனைக் கடைசியாகத் திறந்து மூடிய ஃபிட்டர் சவரிமுத்து, ஐசக்கின் தங்கை கணவர். உள்ளே ஒரு போல்ட்டை மறந்து வைத்துவிட்டார் என்று நிர்வாகம் முடிவே கட்டிவிட்டது. வேலை போய்விடும். அதோடு விடுவார்களா, கேஸும் போடுவார்கள்.

இந்த ஆய்வு தனக்கு வேண்டாம் என்று ஐசக் மன்றாடிப் பார்த்தார். நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

லென்ஸை எடுத்தார். தங்கை போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுத்து என்ன சொல்வது?

ஒரு பிளேடு. இன்னொன்று. அதற்கடுத்தது.

சட்டென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“கிடைச்சிருச்சு மேடம்.”

அந்தப் பிளேடு முறிந்த இடத்தில், மட்டிச் சிப்பியின் ஓட்டில் இருப்பதுபோல வளைவு வளைவாகக் கோடுகள். பல மாதங்களாக மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல். போல்ட் அடித்திருந்தால் ஒரே அடியில் முறிந்திருக்கும், கோடு விழுந்திருக்காது. சவரிமுத்து டர்பைனைத் திறந்ததோ போன வாரம்தான். ஐசக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

எழிலரசி லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா. பழைய விரிசல்தான்.”

“அப்ப தங்கச்சிகிட்ட சொல்லிடட்டுமா?” போன் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

“சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுல போல்ட் அடிச்ச தடம் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“நம்பியிருக்க மாட்டேன் மேடம். மீதி ஒவ்வொண்ணையும் பாத்திருப்பேன்.”

சொன்ன பிறகுதான், சொன்னது அவர் காதில் விழுந்தது.

இன்னும் பார்க்காமல் கிடந்த பிளேடுகளை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, எழிலரசி லென்ஸை நீட்டினாள்.