மால்ட் டப்பாவில் வந்த காசு

குரு சிஷ்யர் கதை என்றதும் ஆலமரத்தடியையும் காவித் துணியையும் தேடிக்கொண்டு போகாதீர்கள். இந்தக் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் மெஹராஜ் பேகம். திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டிய அளவில் ஒரு பழங்காசுக் கடை. அவருடைய அத்தா விட்டுப்போனது. சிஷ்யருக்கு வயது அறுபத்தாறு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மருதமுத்து.

மகள் வயசுப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று அவருடைய சகலை ஒருமுறை கேலி பேசினார்.

"கரண்டு கம்பத்துல ஏறினவனுக்கு ஸ்டூல்ல உக்காந்து படிக்க என்னய்யா வெக்கம்?" என்றார் மருதமுத்து.

ஏழு வருஷம். ஞாயிறு தவறாமல் வந்தார். மெஹராஜை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எடை பார்க்கக் கற்றார், விளிம்பு பார்க்கக் கற்றார், அசல் எது போலி எது என்று சத்தத்தை வைத்தே சொல்லுமளவுக்குத் தேறினார். இவ்வளவும் கற்று ஒரு காசாவது வாங்கினாரா என்றால், அதுதான் இல்லை. பிறகு எதற்காக வருகிறார்? அவர் சொன்னதில்லை. மெஹராஜும் துருவிக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டீச்சரம்மா, ஒரு காசை கிரேடிங்குக்கு அனுப்பலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

கிரேடிங் என்றால் வேறொன்றுமில்லை. காசை ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அங்கே இருப்பவர்கள் அதை நுணுக்கமாகப் பார்த்து, அசலா போலியா, எந்த அளவுக்குக் கெடாமல் இருக்கிறது என்று முடிவுசெய்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பிறகு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, மேலே ஒரு சீட்டு அச்சடித்து அனுப்புவார்கள். கேட்டுக்கொண்டால் காசுக்குச் சொந்தக்காரர் பெயரையும் சீட்டில் போடுவார்கள்.

"முதல்ல காசைக் காட்டுங்க" என்றார் மெஹராஜ்.

முடிச்சை அவிழ்த்தார். பித்தளைக் காசு. அரசாங்கக் காசு இல்லை. ஒரு பக்கம் மயில், மறு பக்கம் 'பொன்மயில் மால்ட்' என்ற எழுத்து. பாலில் கலந்து குடிக்கிற மால்ட் டப்பாவுக்குள் பிள்ளைகளைக் கவர ஒரு காசு போட்டுக் கொடுத்தார்கள். பத்துக் காசு சேர்த்தால் ஒரு பென்சில் டப்பா. அந்தக் காலத்துப் பிள்ளைகள் மால்ட்டைக் கொட்டிவிட்டுக் காசைத்தான் தேடும்.

மெஹராஜ் அதை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா! இது தோகை விரிச்சிருக்கே!"

"ஆமாம்மா."

"எல்லாக் காசுலயும் தோகை மடங்கித்தான் இருக்கும். முதல் அச்சு சீக்கிரமே உடைஞ்சுபோச்சு, அதுல அடிச்ச கொஞ்சம் மட்டும் விரிஞ்ச தோகைன்னு சொல்லுவாங்க. நான் படத்துலதான் பாத்திருக்கேன். இது யாரோடது?"

"என் மகளோடது."

ஏழு வருஷத்தில் அவர் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

"உங்களுக்கு மகள் இருக்காங்களா ஐயா?"

"இருந்தா. சுகந்தி. பத்து வயசு."

மெஹராஜ் காசை மெல்லக் கீழே வைத்தார்.

மருதமுத்து சொன்னார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. சுகந்தி நாற்பது காசுக்கு மேல் சேர்த்திருந்தாள். ஒரு நாள், அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஓடிவந்தாள். அப்பா, இந்த மயில் மட்டும் ஆடுதுப்பா, மத்ததெல்லாம் சும்மா நிக்குது, இது ஏதோ ஸ்பெஷல், மால்ட் ஏஜென்சிக் கடைக்குப் போய்க் கேக்கலாம்பா என்றாள். புயல் அடித்து ஓய்ந்த வாரம். தெருத்தெருவாகக் கம்பி அறுந்து கிடந்தது. அவருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

"'மயில் ஆடினா என்ன, பாடினா என்ன? எல்லாம் ஒரே தகரம்தான். போய்ப் படி'ன்னு சொல்லிட்டேம்மா. அவ அம்மா தனபாக்கியம்கூடச் சொன்னா. 'புள்ளை ஆசையாக் கேக்குது, கூட்டிட்டுப் போங்களேன்'னு. சரி, ஞாயித்துக்கிழமை போகலாம்னேன். வியாழக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில... மூளைக்காய்ச்சல்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை வந்துச்சு. அவ இல்ல."

சந்தில் ஒரு தள்ளுவண்டி போனது. அது போனதும் மருதமுத்து தொடர்ந்தார்.

"ரிட்டையர் ஆன வருஷம் பேப்பர்ல ஒரு படம் பாத்தேன். தோகை விரிச்ச மயில். அபூர்வம்னு போட்டிருந்தான். அவ சொன்னதுதானேன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன். அவ சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும். அவ பேரு அச்சுல வந்தது ரெண்டே காகிதம்மா. பொறந்த சர்ட்டிபிகேட் ஒண்ணு, இன்னொண்ணு... பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் இல்ல, கல்யாணப் பத்திரிகை இல்ல. மூணாவதா ஒரு சீட்டுல, சுகந்தியோட காசு, அசல், இத்தனை மார்க்குன்னு வந்தா..."

காசை மெஹராஜ் பக்கம் நகர்த்தினார்.

"இதை நீங்க லென்ஸ் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் மெஹராஜ்.

"இல்லம்மா."

"ஊர்க்காசையெல்லாம் ஏழு வருஷமாப் பாக்குறீங்க!"

"எடுப்பேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வச்சிடுவேன்."

மெஹராஜ் விளக்கை இழுத்து வைத்தார். லென்ஸைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் பாருங்க. மத்தவங்க காசுக்குச் சொல்ற மாதிரி, தெரியறதை வாய்விட்டுச் சொல்லுங்க."

மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"விளிம்பு சுத்தம். எழுத்து அச்சு ஆழம். தோகை... விரிஞ்சதுதான். சுரண்டிச் செஞ்சதில்ல, அச்சுலயே வந்தது. அசல். அசல்தாம்மா!" குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "இரு... இருங்க. கீறல் இருக்கு."

"எப்படிக் கீறல்?"

"மெல்லிசா. வட்டம் வட்டமா, காசு பூரா. மயிலோட கண்ணு தேஞ்சு மழுங்கியிருக்கு."

"அப்படின்னா?"

அவருக்குத் தெரியாதா? காசு சேர்க்கிறவர்களுக்கு அரிச்சுவடிப் பாடமே அதுதான். அழுக்கு ஏறினாலும் சரி, கறுத்தாலும் சரி, பழங்காசைத் தேய்க்கக் கூடாது.

"துலக்கியிருக்கு" என்றார். "புளி போட்டு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா."

"அனுப்பினா சீட்டுல என்ன வரும்?"

"அசல். துலக்கப்பட்டது. தரம் கொடுக்க இயலாது."

"பக்கத்துல?"

"சுகந்தி" என்றார் மருதமுத்து.

லென்ஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை அங்கேயே நின்றது. பிறகுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் புளி போட்டு விளக்குத் துலக்குவது யார்?

"அடிப் பாவி! பாழாக்கிட்டாளே! எம்பொண்ணு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதானே, இதையும் தேய்ச்சுத் தீத்துட்டாளே! நான் ஏழு வருஷம் படிச்சு என்ன புண்ணியம்? வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு..." மேஜையைத் தட்டினார். காசு துள்ளி விழுந்தது. "அனுப்பிடுங்கம்மா. மார்க் வராட்டிப் போகுது. பெட்டிக்குள்ள வச்சு ஒட்டிட்டா அப்புறம் யாரும் கை வைக்க முடியாதுல்ல? அதுக்காவது அனுப்பிடுங்க!"

மெஹராஜ், அவர் படபடப்பு அடங்கட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"எடுத்துட்டு வரும்போது அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"ரேஷன் கடைக்குப் போயிருந்தா. எடுத்துட்டு வந்துட்டேன்."

"எங்கே இருந்துச்சு?"

"சாமி அலமாரியில. சுகந்தி போட்டோவுக்கு முன்னாடி ஒரு குங்குமச் சிமிழ், அதுக்குள்ள."

"எப்பத் துலக்குவாங்க?"

"வெள்ளிக்கிழமைதான் விளக்குத் துலக்குவா. சாயங்காலம்."

"நீங்க பாத்ததே இல்லையா?"

மருதமுத்து தண்ணீரைக் குடித்தார். டம்ளரை வைத்தார். மறுபடி எடுத்தார், அதில் ஒன்றுமில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுல இருக்க மாட்டேம்மா. அவ போட்டோவைத் துடைச்சுப் பூப் போடுவா. என்னால பாக்க முடியாது. எங்கயாவது போயிடுவேன். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, எங்கயாவது."

"எத்தனை வருஷமா?"

"அதுலேர்ந்தே."

"திரும்பி வரும்போது?"

"தட்டுல சோறு இருக்கும். சாப்பிட்டுட்டுப் படுத்துடுவேன். அதைப் பத்தி நாங்க பேசிக்கிறதில்ல. பேசினா அழுவா. அழுதா நான் என்னம்மா பண்ணுவேன்?"

மெஹராஜ் காசை எடுத்துப் புரட்டிப் பார்த்து வைத்தார்.

"ஐயா, உங்க மக மொத்தம் எத்தனை காசு சேத்திருந்தாங்கன்னு சொன்னீங்க?"

"நாப்பதுக்கு மேல."

"மத்ததெல்லாம் எங்கே?"

"பரண்மேல பழைய மால்ட் டப்பாவுல. பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்த அன்னிக்கு அதைத்தான் முதல்ல இறக்கிக் கொட்டிப் பாத்தேன். எல்லாம் மடக்கின தோகை. கறுத்துக் கிடந்துச்சு. போச்சுடான்னு உக்காந்துட்டேன். அப்புறம் பாத்தா இது சிமிழுக்குள்ள இருக்கு. ஏதோ எப்படியோ தப்பிச்சு அங்க வந்து விழுந்திருக்கு. சாமி புண்ணியம்."

"எப்படியோவா?"

மருதமுத்து பதில் சொல்ல வாயெடுத்தார்.

"நாப்பது காசையும் கொட்டி, மடக்கினதையெல்லாம் ஒதுக்கிட்டு, உங்க மக சொன்ன அந்த ஒண்ணை மட்டும் பொறுக்கிப் போட்டோவுக்கு முன்னாடி வச்சது யாரு ஐயா? உங்களுக்கு லென்ஸும் விளக்கும் இருந்துச்சு, ஏழு வருஷப் படிப்பும் இருந்துச்சு. அவங்களுக்கு என்ன இருந்துச்சு?"

மருதமுத்து குனிந்து அந்த மயிலைப் பார்த்தார். வெளியே சந்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நிமிர்ந்து பேசினார். குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொல்றதுக்கு ஆளு வீட்டுல இருக்கணும்ல."

கம்பத்தின் உச்சியில், இடி மின்னலுக்கு நடுவே நின்று வேலை பார்த்த மனுஷர், அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மெஹராஜ் தடுக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவரை அப்புறம் வாருங்கள் என்று கையைக் காட்டி அனுப்பினார்.

அழுது ஓய்ந்ததும் மருதமுத்து காசைக் கையில் எடுத்தார். இந்த முறை விளிம்பில் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"அனுப்பினா அவ பேரோட ஒரு சீட்டு வரும். ஆனா துலக்கினதுன்னு எழுதி வரும். தனபாக்கியம் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அனுப்பாட்டி, எம்பொண்ணு பேரு எதுலயும் வராது. எனக்கு ஒண்ணும் புரியல டீச்சரம்மா. ஏழு வருஷம் உங்ககிட்டப் படிச்சிருக்கேன், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அனுப்பவா, வேண்டாமா?"

மெஹராஜ் எழுந்து, கைக்குட்டையை உதறி மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"இருபத்தெட்டு வருஷமா அதைக் கையில வச்சிருக்கவங்க வீட்டுல இருக்காங்க. அவங்களைக் கேக்காம, நேத்து வந்த என்னைக் கேக்குறீங்களே ஐயா."