சிலந்தி இறங்கிய பள்ளத்தாக்கு

வறண்ட காடு ஒன்றின் ஓரத்தில் பெரிய பள்ளத்தாக்கு இருந்தது. அதன் அடி யார் கண்ணுக்கும் தெரியாது. எப்போதும் வெள்ளை மூட்டம் மூடிக் கிடக்கும். தெரியாத இடம் என்றால் ஆளுக்கொரு கதை கட்டத்தானே செய்வார்கள்? அங்கே புல் கழுத்தளவு நிற்கும் என்றன மான்கள். தோண்டாமலே கிழங்கு கிடைக்கும் என்றது காட்டுப்பன்றி.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. குளம் வற்றியது, அதன் சேறும் காய்ந்து வெடித்தது. தாய்மான் ஒன்றின் குட்டி நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. தாய் அதன் முகத்தை நக்கிக்கொண்டே நின்றது. மலைக்கு அப்பால் ஆறு உண்டு, ஆனால் வெகுதூரம். பள்ளத்தாக்கு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் சரிவு முழுக்க வழுக்குப் பாறை. இறங்கினால் மறுபடி ஏற முடியாது.

"நான் இறங்கிப் பாக்குறேன், மானக்கா," என்றது புதரில் குடியிருந்த சிலந்தி.

"திரும்பி வந்துடுவியா, தம்பி?"

"சொல்ல முடியாது. நீங்க எல்லாம் செத்துப்போயிட்டா, உங்களை மொய்க்கிற ஈ எனக்கு எங்கேருந்து வரும்? நூல்ல காதை வச்சுக்கோங்க. போகப் போகச் சொல்லிக்கிட்டே போறேன்."

கிளையில் நூலைக் கட்டிவிட்டுச் சிலந்தி குதித்தது. மூட்டம் அதை மறைத்தது. தாய்மான் நூலில் காதை வைத்தது.

"குளுகுளுன்னு இருக்கு, அக்கா. காத்து இதமா வீசுது."

"இது போதாதா?" என்றது பக்கத்தில் நின்ற காட்டுப்பன்றி.

"முழுசாக் கேட்டுட்டுப் போங்கண்ணே," என்றது தாய்மான்.

"நீ கேட்டுக்கிட்டே நில்லு. எனக்குப் பசிக்குது," என்று பன்றி சரிவில் சறுக்கி இறங்கியது. சற்று நேரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து அதன் குரல் வந்தது: "அடடா, என்ன குளிர்ச்சி! சீக்கிரம் வாங்க!"

மற்ற மான்கள் விளிம்புக்கு நகர்ந்தன. குட்டிகூடத் தலையைத் தூக்கியது. தாய்மானின் முன்னங்காலும் ஒருமுறை எழுந்தது. ஆனால் அது நூலிலிருந்து காதை எடுக்கவில்லை.

"காத்து நின்னுபோச்சு, அக்கா. மூட்டத்துத் துளி பட்டா கால் எரியுது. ஒரே புளிச்ச வாடை."

பிறகு, "யாரோ மேலே ஏறி உக்காந்த மாதிரி அழுத்துது. வெயில்ல காஞ்ச பாறையைவிடச் சூடு. தரை இன்னும் தெரியல. புள்ளைய இங்கே கூட்டிட்டு வராதீங்க."

நூல் தளர்ந்தது. மான் அதை மேலே இழுத்தது. நுனி கருகிச் சுருண்டிருந்தது. பன்றியின் குரலும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"சிலந்தி தரையையே பாக்கலையே," என்றது ஓர் இளைய மான். "அடியில புல் இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும். நாம அந்த வழியாத்தானே இறங்கணும்?" என்றது தாய்மான்.

அது குட்டியை முட்டி முட்டி எழுப்பி மலைப்பக்கம் நடத்தியது. மற்றவை பின்னால் வந்தன. செத்துப் பிழைத்துத்தான் ஆற்றை அடைந்தன. குட்டி வயிறு புடைக்கத் தண்ணீர் குடித்தது. அதன் காதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தாய்மான் அதை விரட்ட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றது.

அடிவரை போகாதவன் வழியில் சொன்னதும் உயிர் காக்கும். ஆனால் கடைசிவரை காது கொடுத்தவர்களைத்தான் காக்கும்.